மடக்குக்கத்திக்கு ஏற்ற ஆணி

பட்டர்வொர்த் ஃபெரிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நடுவயதுக் கணவனும் மனைவியும். தான் செய்த மடக்குக்கத்தியைப் பற்றி அவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"மடக்குற இடத்துல ஒரே ஒரு ஆணிதான்லா. ஸ்டெயின்லெஸ் போட்டா துரு பிடிக்காது, ஆனா தட்டித் தலையை விரிக்கிறதுக்குள்ள கை போயிடும். செம்பு ரொம்ப சாஃப்ட், நாலு நாள்ல ஆட ஆரம்பிச்சிடும். பித்தளைதான் சரி."

"பித்தளைக் கம்பி எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார் மனைவி.

"கடை எதுக்கு? வீட்டுலயே இருந்துச்சு. ஓட்டைக்கு அப்படியே பொருந்துச்சு."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"காலையில சாமிக்கு மணி ஆட்டுனேன். சத்தமே வரல. எனக்குத்தான் காது போச்சோன்னு பயந்துட்டேன்."

அவர் கழுத்தை நீட்டி வரிசையின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"மணிக்குள்ள தொங்குற நாக்கையா வெட்டுனீங்க?"

"வெளியிலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதுலா..."

கேட் திறந்தது. எல்லாரும் நகர்ந்தோம். அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வாங்க," என்றார் மனைவி. "நாளைக்கு நான் சூடம் காட்டுறேன். நீங்க பக்கத்துல நின்னு அந்தக் கத்தியை டக்கு டக்குன்னு திறந்து திறந்து மூடுங்க."