விருந்தாளியின் இருமல்

எங்கள் ஆற்று மீனில் முள் கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர். அதற்காக ஷ்ராப்ஷயரில் யாரும் மீன் சாப்பிடாமல் இருந்ததில்லை.

சனிக்கிழமை விருந்துக்கு என் தங்கை கான்ஸ்டன்ஸும் அவள் கணவர் ஹியூபர்ட்டும் டாக்டர் பிரிம்லியும் வந்திருந்தார்கள். ஹியூபர்ட் நல்ல மனிதர்தான். மனதில் பட்டதைப் போட்டு உடைக்கிற ரகம். மீன் வந்ததும் இரண்டாவது வாயிலேயே இருமினார். விருந்தாளி இருமினால் கவனிக்காதது போல் இருப்பதுதான் எங்கள் வீட்டு மரியாதை. என் தகப்பனார் காலத்தில் ஒரு கர்னலின் பல்செட்டே சூப்பில் விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"அண்ணா, அவருக்கு என்னமோ பண்ணுது, பாருங்க," என்று கான்ஸ்டன்ஸ் பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா, உட்காரு. இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு, இல்ல டாக்டர்?"

எதிரே டாக்டர் பிரிம்லி பாதி எழுந்திருந்தார். நான் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "ஆமா சார், பட்டாணிக்குத் தண்ணியே பத்தல," என்றார். நல்ல வளர்ப்பு. கான்ஸ்டன்ஸும் உட்கார்ந்தாள், சிறு வயதிலிருந்தே என் பேச்சை மீறாதவள். ஹியூபர்ட் மேஜையைக் குத்தினார். அவருடைய ஒயின் கிளாஸ் கவிழாமல் நான் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் நீலம் பாரித்தது. அதையும் நாங்கள் பார்க்கவில்லை. கடைசியில் டாக்டர் ஓடிப்போய்த் தூக்கியபோது உயிர் இல்லை.

அன்று மதியம் கோல்ஃப் ஆடும்போது, புல்லுக்குள் கிடந்த என் பந்தைக் காலால் சற்று நகர்த்தினேன். ஹியூபர்ட் பார்த்துவிட்டார். "ராத்திரி சாப்பாட்டுல எல்லார் முன்னாடியும் சொல்றேன் மச்சான், பாருங்க," என்று சிரித்தார். ஆட்டத்தில் ஏமாற்றியவனுக்கு எங்கள் கிளப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எனக்கு அந்தக் கிளப்பை விட்டால் வேறு உலகம் கிடையாது. பயந்தேன், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் மரியாதைக்காகத்தான் சும்மா இருந்தேன்.

தொண்டையில் சிக்கினால் என்ன செய்வதென்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். போன வசந்தத்தில் என் நாய்க்கு எலும்பு சிக்கியது. பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்க, கம்பளத்தில் மண்டியிட்டு, அதன் வாய்க்குள் கையை விட்டு எடுத்தேன். குழந்தை மாதிரி அழுதேன்கூட. ஆனால் அது நாய், இன்ஸ்பெக்டர். பிழைத்து எழுந்து யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை.