திரை சுமார்

— அப்ப அந்த வீடியோவைத் திரும்ப எடுக்க மாட்டே.

— மாட்டேன். சொன்னது சொன்னதுதான். புது லேப்டாப், பழைய சரக்கு, திரை சுமார். இதுல திரும்ப எடுக்க என்ன இருக்கு?

— அண்ணா, திரைமேல ஒட்டியிருந்த தாளையே நீ பிரிக்கல. கீறல் விழாம இருக்க கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பற தாள். அதுக்கு மேலேயே பாத்துட்டு, ‘மங்கலா இருக்கு, போன வருஷத்துதே தேவலாம்’னு நாப்பதாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கே.

— பிரிக்கலன்னு எவன் சொன்னான்?

— வீடியோ பாத்தவங்க சொல்றாங்க. நாலாவது நிமிஷத்துல உன் தோளுக்குப் பின்னாடிலேருந்து ஒரு காட்சி வருதில்ல? அங்க நிறுத்திப் படம் புடிச்சுப் போட்டிருக்காங்க. தாளோட மூலையில செவப்பு எழுத்துல ‘பிரித்து எடுக்கவும்’னு இருக்கு. கட்டை விரல் தண்டிக்கு இருக்கு.

— எடிட் பண்ண மகாராணி அப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?

— என் தப்புதான், ஒத்துக்கறேன். நீ பேசறதை மட்டும் கேட்டு வெட்டி ஒட்டினேன். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— ஆமா, பெரிய நம்பிக்கை. ரெண்டு பேர் கத்தினா உடனே ஆடிப் போற நம்பிக்கை.

— ரெண்டு பேரா? கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சியா நீ?

— எனக்கு வேற வேலை இல்ல? நீயே வாசி.

— ‘உதட்டுப்பிதுக்கி ஐயா, அடுத்த தடவை டப்பாவுக்குள்ள வச்சே விமர்சனம் பண்ணிடுங்க.’ எதைப் பாத்தாலும் உதட்டைப் பிதுக்கறியாம், அதான் அந்தப் பேரு. இது ஒண்ணு. ‘பதினஞ்சு வருஷமா இவர் பேச்சைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் வாங்கறேன். இனிமே மாட்டேன்.’ இது இன்னொண்ணு. மத்ததெல்லாம் கேலி, போகட்டும். இந்த ரெண்டாவது ஆளுக்கு என்ன பதில் சொல்லப் போறே?

— வாங்காம போகட்டும். எவன் கையையும் புடிச்சு நான் இழுக்கல.

— கேளு. கம்பெனிலேருந்து போன் பண்ணாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். சிரிச்சாங்கண்ணா. ‘சார் நல்லாத்தானே இருக்காரு?’ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— சிரிக்கட்டும். அவனுங்க செய்யற பொருளைப் பாத்து நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன்.

— இந்தத் திமிருதான் எனக்குப் புரியல. முன்னெல்லாம் புது மெஷின் ஒண்ணு வீட்டுக்கு வந்தா நீ சாப்பிட மாட்டே, தூங்க மாட்டே. திருகாணி திருகாணியாக் கழட்டி, அம்மா கொண்டு வந்து வச்ச தட்டுலேயே போட்டு வைப்பே. ‘சாப்பிடற தட்டுடா பாவி’ன்னு அம்மா கத்துவாங்க.

— அப்ப புதுசுல ஏதாவது புதுசா இருந்துச்சு. இப்ப கலரை மாத்தறான், பேருக்குப் பின்னாடி ஒரு நம்பரைக் கூட்டறான், மேடையேறிக் கைதட்டு வாங்கிட்டுப் போறான். எனக்குச் சலிச்சுப் போச்சு தாயே.

— உனக்கு எல்லாமேதான் சலிச்சுப் போச்சு. வண்டி ஓட்டச் சலிப்பு. நியூஸ் பேப்பரை நிறுத்தியாச்சு, கேட்டா அதுவும் சலிப்பு. அக்கா பொண்ணு போட்டோ அனுப்பினா ‘பாத்தாச்சு பாத்தாச்சு’ன்னு போனைக் கவுத்து வைக்கறே.

— என் வீடு, என் சலிப்பு. உனக்கு எங்க வலிக்குது?

— எனக்கு எங்க வலிக்குதா? இருந்த நல்ல வேலையை உதறிட்டு வந்து ஆறு வருஷமா உன் மூஞ்சிக்கு லைட் புடிச்சிட்டு இருக்கேன்!

— நானா வான்னேன்?

— நீதான். ‘நீ இல்லாம எனக்கு ஓடாது’ன்னே. இதே நாற்காலில உக்காந்துதான் சொன்னே.

— ஏதோ புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். இப்பத்தான் தெரியுது, வேலை தெரிஞ்சவளாப் பாத்து வச்சிருக்கணும்.

— சரி. இதுக்கு மேல என்ன இருக்கு? ஒரு விளம்பரக் கம்பெனில எடிட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க, திங்கக்கிழமைலேருந்து. இப்ப கேமரா முன்னாடி உக்காந்து, ‘தாளைப் பிரிக்காம பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க, இதோ திரும்பப் பாக்கறேன்’னு சொல்லு. நான் எங்கயும் போகல. இல்லேன்னா இன்னியோட சரி.

— மிரட்டறியா?

— ஆமா, மிரட்டறேன்.

— போ. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ.

— போகத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. கேமரா வேண்டாம், லைட்டு வேண்டாம். எனக்காக ஒரு தடவை பாரு. தாளைப் பிரிச்சுட்டேன். இந்தா.

— உன் ரோஷம் அடங்கணும், அவ்வளவுதானே? குடு இப்படி... ம். எடையைக் குறைச்சிருக்கான். எண்பது கிராம் குறைஞ்சிருக்கும்.

— எண்பத்தஞ்சு.

— மூடியை ஒரு விரல்ல தூக்கறேன், அடிப்பாகம் அசையல. கீல் ஒழுங்காப் போட்டிருக்கான். கீபோர்டு... அட. போன வருஷத்தது பலகையில தட்டற மாதிரி இருந்துச்சு. இது விரலை உள்ள வாங்கி வெளிய அனுப்புது. ஃபேன் மட்டும் வலது பக்கம் லேசாக் கரகரங்குது. ஆறு மாசத்துல சத்தம் போடும், எழுதி வச்சுக்க.

— இதுல ஒண்ணைக்கூட நீ வீடியோல சொல்லலியே.

— அவனவன் திரை எப்படி, திரை எப்படின்னுதானே கேக்கறான். இதெல்லாம் எவனுக்கு வேணும்?

— நேத்து பூரா உக்காந்து உன் பழைய வீடியோவெல்லாம் ஓட்டினேன். ஒரு காலத்துல திரையைப் பத்தி மட்டும் கால் மணி நேரம் பேசியிருக்கே. ரெண்டு வருஷமா ஒரே வார்த்தை. போனா, சுமார். டேப்லெட்டா, சுமார். இதுவா, சுமார்.

— சுமாரா இருந்தா சுமார்னுதான் சொல்ல முடியும். ஏய், எதுக்கு இப்பப் புடுங்கறே?

— ஒரு நிமிஷம். ஒரு வரி அடிச்சுக் குடுக்கறேன்.

— என் வழக்கமான வரியையாவது மறக்காம இருக்கியே. முதல் முதல்ல கம்ப்யூட்டர் கிளாஸுக்கு லேட்டாப் போன அன்னிக்கு நான் அடிச்ச வரி. முப்பது வருஷமா எந்த மெஷின் வந்தாலும் அதை அடிக்காம விட்டதில்ல.

— இந்தா. உன் முன்னாடிதான் இருக்கு. படிச்சுட்டு, எழுத்து எப்படி இருக்குன்னு சொல்லு. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்.

— இதுல படிக்க என்ன இருக்கு?

— படி அண்ணா.

— பரீட்சை வைக்கறாங்களாம் பரீட்சை. ‘எட்டாம் நம்பர் பஸ் இன்னிக்கும் லேட்டு.’ போதுமா? எழுத்து சுமார். ஓரமெல்லாம் பிசிறு. போன வருஷத்துதே தேவலாம். ஆச்சா? கிளம்பு.

— அந்த வரியை நான் அடிக்கலண்ணா. திரை முழுக்கப் பெருசா ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சிருக்கேன்: ‘எப்பலேருந்து உனக்குக் கண்ணு தெரியல?’