உப்புக்கு வந்த மிளா

இரவு இரண்டு மணி. விதுரா தாண்டி மலைக்கு ஏறுகிற சாலை. ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டம், மறுபக்கம் பள்ளம். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்... இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், அந்தச் சாலையில், ஒரு ஆள் காரை ஓரம் கட்டினான். விளக்கை அணைத்தான். டிக்கியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தோட்டத்துக்குள் இறங்கினான்.

அவன் நம் நாகலக்ஷ்மிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெயர் சுமந்த். வீடு திருவனந்தபுரம் கரமனையில், வேலை கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனி. நாகுவிடமே அவன் இதை முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வானாம். நாகு இங்கேதான் இருக்கிறாள். வேண்டாமென்றால் சொல்லு... சரி. சொல்லலாம் என்கிறாள்.

மண்வெட்டி எதற்கு? அதற்கு நான்கு மாதம் முன்னால் போக வேண்டும்.

சுமந்துக்குக் காட்டு மிருகங்களைப் படம் எடுப்பதில் பைத்தியம். ட்ரெயில் கேமரா என்று ஒன்று இருக்கிறது. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். எதிரே சூடுள்ள உடம்பு ஏதாவது அசைந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் அடிக்காது, மிருகத்துக்குத் தெரியாது. உள்ளே சிம் கார்டு போட்டிருந்தால் படம் நேராக ஃபோனுக்கு வந்துவிடும்.

வனத்துக்குள் நினைத்தபடி கேமரா கட்ட முடியாது. அதனால் வனத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் ஆளைத் தேடினான். கிடைத்தவர் ஞானசிகாமணி. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். வன அலுவலகத்துக்கும் அவரே கூட வந்து, தன் நிலம்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

சுமந்திடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தீனி வைக்காதே மோனே. பழம் வேண்டாம், உப்பு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது நடக்குற வழியில கேமராவைக் கெட்டு. வந்தா வரட்டு, வரல்லேன்னா வேண்டாம். அதை நம்ம வழிக்குக் கூப்பிடப்பிடாது, கேட்டியா."

"சரி சார்," என்றான் சுமந்த்.

தோட்டத்தின் அடிக்கோடியில், காட்டை ஒட்டி, ஞானசிகாமணி தன் கையாலேயே ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருந்தார். கோடையில் மிருகங்களுக்குத் தண்ணீர். அதைச் சுற்றி வாய்க்காலில் அவர் புல்லை வெட்டுவதேயில்லை. கேமராவை அங்கேதான் கட்டினான். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய் மெமரி கார்டை எடுத்து வர வேண்டும். சோப்பு வாசனை இருக்கக்கூடாதென்று வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுப் போவான். எல்லாம் முறைப்படிதான் செய்தான்... முதல் இரண்டு மாதம்.

ஒரு பெண் மிளா வந்துகொண்டிருந்தது. மிளா தெரியுமில்லையா, மாட்டளவு உயரம் வரும் பெரிய மான். மூங்கில் மறைவில் அதன் பின்புறம் தெரியும். ஒரு காது தெரியும். முகம் மட்டும் சிக்கவே இல்லை. அவன் படம் அனுப்ப நினைத்திருந்த அந்த வருடப் புகைப்படப் போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியது.

பழவங்காடியில் ஒரு கடையில் ஐந்து கிலோ கல்லுப்பு வாங்கினான். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஆனாலும் கடைக்காரரிடம், "அம்மா ஊறுகாய் போடணும்னா," என்று பொய் சொன்னான்.

தோட்டத்தின் மேல்கோடியில், சாலையை ஒட்டி, மரம் வெட்டிய ஒரு வெட்டவெளி. நடுவில் ஒரு அடிக்கட்டை. படத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வெளிச்சம் நன்றாக இருக்கும், சிக்னலும் கிடைக்கும் என்று ஞானசிகாமணியிடம் சொல்லிக் கேமராவை அங்கே மாற்றினான்.

"அது மிளா நடக்குற வழி இல்லியே," என்றார் அவர்.

"சும்மா பார்க்கலாம் சார்."

அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் கட்டையின் மேலும் சுற்றியுள்ள மண்ணிலும் உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். கரைந்து போயிற்று. ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் இரவு ஃபோன் அதிர்ந்தது. இரண்டு நாற்பது. மிளா.

அதன்பின் தினமும் வந்தது. இரண்டு நாற்பது... இரண்டு நாற்பது... ஒன்பதாம் இரவு அந்தப் படம் விழுந்தது. பின்னால் பனி. கழுத்து நிமிர்ந்து, இரண்டு காதும் விரிந்து, நேராக உங்களைப் பார்க்கிற முகம். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மீராவை எழுப்பிக் காட்டினான். அவள் ஹாலில் பெரிதாக மாட்டலாம் என்றாள்.

போட்டி விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. மிருகத்தை ஈர்க்கத் தீனி எதுவும் வைக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினான். படம் தேர்வானது.

தேர்வான செய்தி வந்த மறுநாள் காலையில் ஞானசிகாமணி கூப்பிட்டார். "மோனே... மிளாவை வண்டி இடிச்சுப்போட்டு."

கல் ஏற்றிய டிப்பர். இருட்டு விலகும் முன், வெட்டவெளிக்கு எதிரே. ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு காட்டுப்பக்கம் ஓடுவதற்குப் பதில் சாலைப்பக்கம் பாய்ந்திருக்கிறது. வண்டி நிற்கவில்லை.

ஆபீஸ் முடிந்து சுமந்த் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்து, டாக்டர் வந்து, எல்லாம் முடிந்திருந்தது. சாலையில் மண் போட்டு மூடிய ஒரு கறை மட்டும். பக்கத்தில் ஒரு குளம்பு பதிந்த தடம்.

ஞானசிகாமணி தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கடப்பாரை.

"அது ஏன் மேல வந்துது? இத்தற வருஷமா வராததாக்கும்." அவன் கண்ணைப் பார்த்தார். "நீ எதாவது வச்சியா?"

"இல்லை சார்."

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்.

"அப்போ என் தொட்டிதான். தண்ணி வச்சு, பயம் போக்கி, மனுஷன் பக்கம் வர வச்சது நான்தான்."

அவர் அடிக்கோடிக்கு நடந்தார். இவனும் பின்னால் போனான். தான் கட்டிய தொட்டியைத் தானே இடித்தார். எழுபது வயதுக் கை... ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. உடைந்த சிமென்ட் துண்டுகளை சுமந்த் தூக்கி ஓரமாகப் போட்டான். அதைத்தான் அவனால் இன்று வரை சொல்லி முடிக்க முடியவில்லை என்று நாகு சொல்வாள். மற்றதையெல்லாம் சொல்லிவிடுகிறானாம். "துண்டைத் தூக்கிப் போட்டேன் நாகு" என்கிற இடத்தில் எழுந்து போய்விடுகிறான்.

ஐந்து நாள் கழித்து ஃபோன் அதிர்ந்தது.

இரண்டு நாற்பது.

கேமராவைக் கழற்ற வேண்டுமென்ற நினைப்பே அவனுக்கு இருந்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தான். கட்டைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி. கால்கள் இன்னும் சரியாக ஊன்றாத சின்னக் குட்டி. கழுத்தை மேலே நீட்டி, வாயைக் குவித்து, எதையோ முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. கடைவாயில் மட்டும் வெள்ளையாக நுரை...

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒரே நேரம், ஒரே நிற்பு.

தாய் செத்த குட்டி, தாய் வந்த இடத்துக்கு வருகிறது. அப்படித்தான் அவன் நினைத்தான். உப்பு இருக்கும்வரை வரும். இதையும் ஒரு நாள் வண்டி அடிக்கும். ஞானசிகாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பகலிலேயே மண்ணை வெட்டி எடுத்திருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் எதற்கு வெட்டுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் இரவு இரண்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, திருடன்போல இறங்கினான்.

தலையில் ஒரு சின்ன விளக்கு. முழங்காலிட்டு வெட்டினான். ஈரமண், சாக்கில் அள்ளி அள்ளிப் போட்டான். கட்டையைச் சுற்றி இரண்டு முழம், ஒரு சாண் ஆழம். வியர்வை கழுத்தில் வழிந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன...

திடீரென்று அடங்கின.

முதலில் வாடைதான் வந்தது. நனைந்த ரோமத்தின் வாடை. அதோடு இன்னொன்று. மாடு கன்று போட்ட வீட்டில் வருமே... சீம்பால். அந்த வாடை.

பிறகு சத்தம். ஸர்க்... ஸர்க்... உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல. கட்டையின் அந்தப் பக்கம். அவன் அசையவில்லை. சத்தம் நின்றது. காலடி ஏதும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஸர்க்... அவனுக்குப் பின்னால் கேட்டது.

பின்கழுத்தில் பட்டது. சொரசொரவென்று. அகலமாக. ஐஸ்போல.

நிதானமாக நக்கியது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. வியர்வையின் உப்பை விடாமல். சட்டைப்பையில் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. திரும்பவில்லை. கோபமாக முட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றானாம். அது கோபமே இல்லாமல் நக்கியது. கன்றை நக்குகிற மாதிரி.

"நான்தான் வச்சேன்," என்றான் சுமந்த். இருட்டைப் பார்த்து. "உப்பு நான்தான் வச்சேன்."

நின்றது.

தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். வெளுத்ததும் மண்சாக்கை இழுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போனான். ஞானசிகாமணி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சாக்கை வைத்தான்.

"சார், உப்பு. அன்னிக்குக் கேட்டேளே, இல்லைன்னேன். பொய். உங்க தொட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவர் வாயைக் கொப்பளித்தார். சாக்கைத் திறந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"நான் தொட்டியை இடிச்சப்போ நீ கூட நின்னே."

"ஆமாம் சார்."

அவர் திட்டவில்லை. அவன் அதற்குத்தான் காத்திருந்தான். அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

தாங்க முடியாமல் சுமந்த்தான் சொன்னான்: "குட்டியாவது பிழைக்கணும் சார். அதுக்காகத்தான் வெட்டினேன்."

"எந்தக் குட்டி?"

ஃபோனை நீட்டினான். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படத்தில் விரல் நின்றது. அன்று இரவு விழுந்த படம். சுமந்த் அதைப் பார்த்திருக்கவில்லை. அவன் முழங்காலிட்டுக் குனிந்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், குட்டி. கழுத்தை மேலே நீட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நீ வரதுக்கு முன்னே டாக்டர் அதை அறுத்துப் பார்த்தார். நான் பக்கத்துல நின்னேன். வயித்துல குட்டி இருந்துது மோனே. மாசம் தெகஞ்ச குட்டி. ஆண். அதுவும் செத்துப் போச்சு." ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "உன்னிட்டே சொல்ல எனக்கு நாக்கு வரல்ல. என் தொட்டியாலதான் ரெண்டு உயிரும் போச்சுன்னு நெனச்சிருந்தேன். ரெண்டையும் ஒரே குழியிலதான் வச்சாங்க. குட்டியைத் தாய் வயித்தோட சேர்த்து வச்சுக் கொடுத்தது என் கையாக்கும்."

அன்றே சுமந்த் வன அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தான். விசாரணை இன்னும் நடக்கிறது. போட்டியிலிருந்து படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான், காரணத்தையும் எழுதினான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிமென்ட், மணல் எல்லாம் கொண்டுபோய்த் தொட்டியைத் திரும்பக் கட்டினான். ஞானசிகாமணி பக்கத்தில் நின்று மட்டம் பார்த்தார்.

கிளம்பும்போது கேமராவைக் கழற்றப் போனான். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அது இருக்கட்டு. நீ பார்க்கணும்."

அந்த இடத்தில் இப்போது ஒரு துளி உப்பு கிடையாது. வெட்டிய குழியை மூடிக் காட்டு நெல்லி நட்டிருக்கிறார்கள். மழை எத்தனையோ தடவை அலசிவிட்டது. இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

தினமும் ஃபோன் அதிர்கிறது. அவன் எழுந்து பார்க்கிறான்.

குட்டி வளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் குடிப்பதற்குக் கழுத்தை மேலே நீட்டுவதில்லை, நன்றாகக் குனிய வேண்டியிருக்கிறது. போன வாரம் நாகுவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான்... அதன் நெற்றியில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் கட்டைவிரல் அளவுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது.