பை வைத்த சட்டை

தண்ணீருக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. குழாயைத் திறந்தால் கொட்டும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நாலு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பயிற்சி மையத்தில் அவனுக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். மார்பில் ஒரு பை, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒலிப்பதிவுக் கருவி. அவன் எழுப்பும் குரலை அது நாள் முழுக்கக் கணக்கிடும். அழுகையைச் சேர்க்காது, பேச்சின் சாயல் இருந்தால்தான் சேர்க்கும். இவனோ ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டான்.

"குரல் கூடலேன்னா, காத்திருக்கிற வேற பிள்ளைக்கு இடத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும் சார்," என்றார் டீச்சர். அவர்மேல் வருத்தமில்லை. பஸ்ஸில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். ஒரே பிள்ளை.

பிறகு தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் அவன் தண்ணீர் டம்ளரை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டேன். அழுதான். அழுது ஓய்ந்தபின் "ம்மு... ப்பு..." என்று முனகினான். அத்தனையும் கணக்கில் ஏறியிருந்தது. "என்ன மாயம் பண்ணீங்க?" என்று டீச்சர் பூரித்துப்போனார்.

அதன்பின் அவன் ஓயும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன். தனியாக விட்டதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நானும் குடிக்க மாட்டேன். பிள்ளை தவிக்கும்போது பெற்றவனுக்குத் தொண்டையில் இறங்குமா?

சட்டை போடாத நேரத்தில் முனகினால் வீண்தானே. அதனால் சட்டை மாட்டாமல் தண்ணீர் கொடுப்பதையே நிறுத்தினேன். என் வீட்டுக்காரி வேலை முடிந்து வரும்போது அவன் தூங்கியிருப்பான்.

"என்னங்க, பிள்ளைக்கு உதடெல்லாம் வெடிச்சிருக்கு?"

"வெயில்ல விளையாடினான்."

நம்பினாள். பாவம், என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

நேற்று மயங்கி விழுந்தான். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். காலையில் கண் திறந்தான். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தபடியே, ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். சத்தமே இல்லை.

"தூக்கச் சொல்றான் போல," என்றாள் நர்ஸ்.

எனக்குத்தான் புரிந்தது. சட்டையை மாட்டிவிடச் சொல்கிறான். அங்கேயே உடைந்து அழுதேன். என் பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்கிறான். நானோ ஓடிவந்த அவசரத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.