இடம் இருக்கு, வாங்க

மாலை ஆறே முக்கால். மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. மலைமேல் ஏறும் ஒற்றைத் தடம்... ஒரு வண்டி போனால், எதிரே ஓர் ஆடு வந்தாலும் ஒதுங்க இடமிருக்காது. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் மூடுபனி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என்னோடு வேலை பார்த்த நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது. அவரைத் தேன்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்வதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டுமே, அந்த நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதர்.

தேனீ வளர்ப்பதுதான் அவர் தொழில். எந்தச் சரிவில் பூத்திருக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பார். பூ முடிந்தால் அடுத்த சரிவு. பகலில் பெட்டியைத் தூக்க முடியாது. பாதி ஈக்கள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, வாசலைக் கம்பிவலையால் மூடித்தான் கிளப்ப வேண்டும். அதனால் அவருக்கு வாய்த்ததெல்லாம் இருட்டுப் பயணம். பழைய ஜீப் ஒன்று. அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் சின்ன ட்ரெய்லர். இரண்டே சக்கரம். கல்லும் குழியும் தாண்டுவதற்கென்று உயரமான டயர். எட்டுப் பெட்டி ஏற்றலாம்.

ட்ரெய்லரை முன்னால் இழுத்துப் போக யாராலும் முடியும். பின்னால் எடுப்பதுதான் வித்தை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் அது அந்தப் பக்கம் போகும். ஒரு சுற்று கூடிவிட்டால் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். கண்ணாடியில் பெட்டிகள் தெரியுமே தவிர, சக்கரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பின்னால் ஓர் ஆள் நின்றே ஆகவேண்டும்.

முப்பது வருஷமாக அந்த ஆள் அவர் மனைவிதான். பின்னால் நின்று ட்ரெய்லரின் தகரத்தில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நில். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஈக்கள் 'உம்ம்ம்' என்று பொங்கி அடங்கும்.

"உங்களுக்கு இதுங்க பரவால்ல. கூப்பிட்டா பதிலாவது சொல்லுதுங்க," என்பாள்.

அவள் அப்போது அங்கே இல்லை... தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உயிரோடுதான் இருந்தாள். மகளின் பிரசவத்துக்கென்று நகரத்துக்குப் போனவள். ஓர் இரவுப் பயண தூரம். ஆறாவது மாடி வீடு. மூன்று மாதம் என்று போனது ஒன்றரை வருஷமாகிவிட்டது. மகள் வேலைக்குப் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பது? "பெட்டியெல்லாம் குடுத்துட்டு நீங்களும் இங்க வந்துடுங்களேன்," என்று கேட்டுப் பார்த்தாள். "பாப்போம்," என்றார். இன்னொரு நாள், "அப்ப நான் கிளம்பி அங்க வந்துடட்டுமா?" என்றாள். அதற்கு, "உன் இஷ்டம்," என்றார். 'வந்துடு' என்று ஒரே ஒரு வார்த்தை அவர் வாயால் கேட்டால் போதும், அவள் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். அந்த வார்த்தைதான் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அப்புறம் போனில் "சாப்டீங்களா", "ம்", "மழையா", "ம்"... அவ்வளவுதான் குடும்பம்.

சரி, அன்றைக்கு வருவோம்.

எட்டுப் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு வளைவைத் திரும்பியதும் பிரேக்கை மிதித்தார். தடத்தின் குறுக்கே பெரிய மரம், வேரோடு சாய்ந்து கிடந்தது. பச்சை மரம் பிளந்த வாசனை. தனி ஆளால் அசைக்கிற காரியம் இல்லை. திருப்பவும் இடமில்லை. முந்நூறு, நானூறு அடி பின்னால் ஒதுங்குமிடம் ஒன்று உண்டு. அதுவரை ட்ரெய்லரைப் பின்னால் எடுத்தாக வேண்டும்... தனியாக. மூடுபனியில்.

என்ன செய்தார் தெரியுமா? இறங்கினார். டார்ச் அடித்து ட்ரெய்லரின் சக்கரத்தைப் பார்த்தார். விளிம்பில் ஓர் அடையாளக் கல் வைத்தார். ஏறிப் பத்தடி பின்னால் எடுத்தார். மறுபடி இறங்கினார். மறுபடி கல். நாலு முறை இப்படி ஏறி இறங்குவதற்குள் முழங்கால் 'போதும்' என்று சொல்லிவிட்டது. கிளட்ச் தீய்ந்த நாற்றம். உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

டக் டக்.

பின்னால். தகரத்தில்.

கம்பிவலை ஏதோ தளர்ந்து அடிக்கிறது என்று நினைத்தார்.

டக் டக்.

உடனே எட்டுப் பெட்டியிலிருந்தும் 'உம்ம்ம்' என்று பொங்கி அடங்கியது. அவர் காதுக்கு மட்டும் கேட்ட பிரமை என்றால், ஈக்களுக்கு எப்படிக் கேட்கும்?

வேறொருவராக இருந்தால் அலறியிருப்பார். இவருக்குப் பயம் வரவில்லை. அதுதான் விசேஷம். முப்பது வருஷப் பழக்கம்... கை தானாகக் கியரைப் பின்னால் தள்ளியது. டக் டக். கொஞ்சம் எடுத்தார். டக் டக். இன்னும் கொஞ்சம். ட்ரெய்லர் நூல் பிடித்த மாதிரி போனது. ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்ததாம். யாரோ பின்னால் இருக்கிறார்கள். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் குரலும் வந்தது.

"வாங்க... வாங்க... இடம் இருக்கு, வாங்க..."

அவள் குரல். அதே இழுப்பு. 'வாங்க'வின் கடைசியில் லேசாக மூச்சு விடுவாளே, அதுகூட.

இவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

முன்னால் வைத்திருந்த போன் சட்டென்று வெளிச்சமடித்து அதிர்ந்தது. அந்த வளைவில் எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் கிடைத்திருக்கிறது. மனைவியின் நம்பர். ஒரு காலைப் பிரேக்கில் வைத்தபடி எடுத்தார்.

"எங்க இருக்கீங்க? சாயங்காலத்துலேந்து அடிக்கிறேன், கிடைக்கவே மாட்டேங்குது."

"மலைமேல. மரம் விழுந்து கிடக்கு. ரிவர்ஸ் எடுத்துட்டிருக்கேன்."

"தனியாவா?"

இவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து, "இன்னும் வாங்க... இடம் இருக்கு..."

போனில் அவள், "யாருங்க அது?" என்றாள் மெதுவாக.

"உனக்கும் கேக்குதா?"

"என் குரலை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா இப்படித்தான் இருக்கும்... என்னங்க, வண்டிய நிறுத்துங்க. நிறுத்திட்டு இறங்கிப் பாருங்க."

கைப்பிரேக்கை இழுத்தார். அவருடைய கதவு பாறைப் பக்கம். இறங்கி, பாறையை ஒட்டியே நடந்து, பின்னால் போய் டார்ச் அடித்தார்.

ஒரு சக்கரம் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து சரளைக் கல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கீழே போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. தடம் அந்த இடத்தில் வளைந்து ஒதுங்கிவிடுகிறது. குரல் எங்கிருந்து வந்ததோ, ட்ரெய்லருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் தூரம்... அங்கே தரையே இல்லை.

எப்படி ஏறினார், எப்படி முன்னால் எடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. மரத்தை முட்டும்வரை வந்து நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். உள்ளே ஏறிக் கண்ணாடியை உயர்த்திக் கதவைப் பூட்டினார்.

"போனை வைக்காதீங்க," என்றாள் மனைவி. "விடியற வரைக்கும் பேசிட்டே இருக்கலாம்."

"சார்ஜ் கம்மியா இருக்கு."

"இருக்கற வரைக்கும் பேசுங்க. நான் அங்க இருந்திருந்தா உங்களுக்கு இந்தக் கதி வருமா?"

அவள் அழுதாள். குழந்தை உள்ளே எங்கோ சிணுங்கியது. இவர் தொண்டையில் சிக்கியிருந்த அந்த முள் அன்றைக்குத்தான் அசைந்தது.

"இங்க பாரு... நான் ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லுங்க."

"நீ..."

போன் அணைந்துவிட்டது.

கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சூடு ஆறி, தகரம் 'டிக்... டிக்' என்று சுருங்கும் சத்தம். மணி எட்டு இருக்கும். அப்போது கதவுப் பக்கம், கண்ணாடிக்கு அந்தப்புறம், காதோடு காதாக...

"என்னங்க... ஏதோ சொல்ல வந்தீங்களே... என்ன அது?"

வெளியே யாரும் தெரியவில்லை. கண்ணாடியில் மட்டும், வெளிப்பக்கம், மூச்சுப் பட்டது போல ஒரு வட்டம். உள்ளே அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. கண்ணாடி ஏற்றியிருந்தும்.

அது மிரட்டவில்லை. கதவை ஆட்டவில்லை. திற என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் மனிதர் தாங்கியிருப்பார். அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"சொல்லுங்களேன்... என்ன சொல்ல வந்தீங்க?"

பத்து மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு. காதைப் பொத்திக்கொண்டார். தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னார். பாட்டுக்கூடப் பாடினாராம்... அவர் பாடி யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் ஓயும். குளிர் எலும்பில் ஏறும். சரி, போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி, அதே பொறுமையோடு, "சொல்லுங்களேன்..."

யோசித்துப் பாருங்கள். ஒன்றரை வருஷமாகத் தனியே சமைத்து, தனியே தின்று, சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர். 'உனக்கு என்ன வேண்டும்' என்று அவரை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். அவள் குரலிலேயே. விடிய விடிய.

நாலு மணி சுமாருக்கு, கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"வந்துடு."

அவ்வளவுதான். எல்லாம் நின்றது. வாசனை போய்விட்டது. கண்ணாடி வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. அழுதபடியே தூங்கிப்போனார்.

காலையில் பாதை சீர்செய்யும் ஆட்கள் ரம்பத்தோடு வந்து கதவைத் தட்டித்தான் எழுப்பினார்கள். நல்ல வெயில். பெட்டிகள் எட்டும் பத்திரம். மரத்தை அறுத்துத் தள்ளினார்கள். "ராத்திரி பூரா இங்கயா கிடந்தீங்க? தைரியசாலிதான்!" என்று ஒருவன் சிரித்தான். இவரும் சிரித்தார். மனசு லேசாக இருந்தது. பேயோ பிசாசோ, அது ஒரு நல்லது செய்திருக்கிறது... சொல்ல முடியாததை ஒருமுறை சொல்லிப் பழகியாகிவிட்டது. இனி அவளிடமே சொல்லிவிடலாம். பெட்டிகளை மேல் சரிவில் இறக்கி வைத்துவிட்டு, அடிவாரத்தில் இருக்கும் டயர் கடைக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டார். அது உயிர் பெற்றதும் முதல் வேலையாக அவள் நம்பருக்கு அடித்தார். மணி பத்து.

மகள் எடுத்தாள்.

"அம்மா எங்கம்மா? அம்மாகிட்ட குடு."

"என்னப்பா விளையாடறீங்களா?" என்றாள் மகள். "அம்மா அவசரத்துல போனை இங்கயே வச்சிட்டுப் போயிட்டாங்க. நாலரை மணிக்கு நீங்க போன் பண்ணீங்களாமே, 'வந்துடு, கீழ வந்துட்டிருக்கேன்'னு? அஞ்சரைக்கெல்லாம் வந்து நின்னுட்டீங்க. மேல வந்து பேரனை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருக்கலாம்ல? ஜீப்ப விட்டு இறங்கக்கூட இல்ல. ட்ரெய்லரை வேற இழுத்துட்டு வந்திருந்தீங்க, எதுக்குப்பா? சரி, எதுவரைக்கும் வந்திருக்கீங்க? அம்மாவுக்கு மாத்திரை சாப்பிடற நேரம்... அவங்ககிட்ட குடுங்க."

யாரிடம் கொடுப்பார்?

தேடினார்கள். நாலு வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த மலைச் சரிவில் கயிறு கட்டி இறங்கிக்கூடப் பார்த்தாயிற்று. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

மகள் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாளாம். ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தாளாம். அம்மா ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்தாளாம்... அம்மா அப்படிச் சிரித்து அவள் தன் ஆயுளில் பார்த்ததே இல்லையாம்.