பத்தொன்பது கோவைகளில் தகப்பன்

2025 புரட்டாதி மாதம் 16ஆம் திகதி முற்பகல் 10.20 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்டது.

எனது பெயர் சந்தியோகு மத்தேயு. வயது 71. முல்லைத்தீவு, சிப்பித்திடல், கோயில் வீதியில் வசிக்கிறேன். முன்னர் கரைவலைத் தொழில் செய்தேன், எங்கள் கோயிலில் மணியும் அடித்தேன். மணி அடிப்பதை 2004 மார்கழி 26ஆம் திகதியோடு விட்டுவிட்டேன். தற்போது கரையோரக் குடும்பங்களின் சங்க அலுவலகத்தைத் திறந்து, கூட்டி, பூட்டி வருகிறேன். மனைவி 2009 மாசியில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. எழுத வாசிக்கத் தெரியாது.

வருடங்களை நான் எண்ணால் வைத்திருப்பதில்லை, இதில் உள்ள எண்கள் அதிகாரி கணக்குப் பார்த்துப் போட்டவை. கேட்கப்பட்ட விடயம் நடந்தது, நாடு முழுக்க உப்புத் தட்டுப்பாடு வந்து, ஆனையிறவு உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்களும் ஒரு பைக்கற் உப்புக்குக் கடை கடையாக அலைந்த வருடம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன். அதிகாரி அதை 2025 வைகாசி என்று எழுதிக்கொண்டார். அதாவது இந்த வருடம்தான்.

சங்கத்தின் இரண்டு அலுமாரிகளில் நூற்று நாற்பத்தாறு கடதாசிக் கோவைகள் இருந்தன. அவை கடல் வந்தபோது எங்கள் கரையில் இறந்த பிள்ளைகளுக்காகத் தாய் தகப்பன்மார் எழுதுவித்துக் கொடுத்தவை. ஒரு பிள்ளைக்கு ஒரு கோவை. சண்டைக் காலத்தில் அந்தக் கோவைகள் வவுனியாவில் ஓர் அறையில் கிடந்தபடியால் தப்பின. எழுதுவித்துக் கொடுத்தவர்களில் பலர் தப்பவில்லை. 2012இல் கோவைகள் திரும்பி வந்த நாளிலிருந்து நான்தான் தூசு தட்டுகிறேன். எழுத்துத் தெரியாதபடியால் அட்டையில் ஒட்டிய படத்தைப் பார்த்து எது யாருடையது என்று அறிவேன்.

அதன் பின்னர் இந்த வருடம் சங்கத்துக்கு ஒரு கொம்பியூட்டரும் கடதாசியைப் படம் பிடிக்கும் ஸ்கானரும் வந்தன. கட்டடத்தை மார்கழியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கு முன் கோவைகள் எல்லாம் கொம்பியூட்டருக்குள் ஏற்றப்பட வேண்டும் என்றும், மிஞ்சும் கடதாசி எரிக்கப்படும் என்றும் செயலாளர் செல்வநாயகம் கூட்டத்தில் கூறினார். ஏற்றும் வேலைக்கு ராஜினி என்ற பிள்ளையை எடுத்தார்கள். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர்கள். அவர் தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

வேலை நடந்த விதம் பின்வருமாறு. ராஜினி கோவையின் நூலை அவிழ்த்து, துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, கடதாசிகளை ஒவ்வொன்றாக ஸ்கானரில் வைப்பார். அதன் பின்னர் பிள்ளையின் பெயர், வயது, ஊர், உயிரோடு இருக்கும் உறவினர் ஒருவரின் பெயர், என்ன உறவு என்பவற்றை அடிப்பார். உறவினர் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும், அதையும் ஏற்றுவார். எல்லாம் இருந்தால் அந்த வரி பச்சையாகி மணி அடித்தது போல ஒரு சத்தம் வரும். உறவினர் இடம் வெறுமையாக இருந்தால் சிவப்பாகும், கொம்பியூட்டர் எடுக்காது. முதல் நாளே அந்தச் சத்தத்தை நிறுத்தும்படி நான் ராஜினியிடம் கேட்டேன். தலையிடியோ என்று கேட்டார். ஓம் என்றேன். அது பொய்.

இருபது நாட்களில் நூற்றுப் பதினைந்து கோவைகள் ஏறின. முப்பத்தொன்று சிவப்பில் நின்றன. அவற்றுக்குக் கையெழுத்து வைக்க ஒருவரும் இல்லை. நான் செல்வநாயகத்திடம் கேட்டபோது அவர், “ஆள் இல்லாட்டி அது எடுக்காது மத்தேயு அண்ணை. நான் மாட்டன் எண்டே சொல்லுறன்? அதெல்லோ மாட்டன் எண்டுது. கட்டி ஒரு மூலையில வையுங்கோ” என்றார். நான் கட்டி வைத்தேன்.

அதன் பின்னர் மறுநாள் காலை, செல்வநாயகம் கிளிநொச்சிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, நான் அந்தக் கட்டை அவிழ்த்து, படங்களைப் பார்த்து, பத்தொன்பது கோவைகளைப் பிரித்தெடுத்து ராஜினியின் மேசையில் வைத்து, இவற்றுக்கு உறவினர் நான் என்று கூறினேன். என்ன உறவு என்று கேட்டார். ஞானத்தகப்பன் என்றேன். எங்கள் கோயிலில் ஞானஸ்நானத்துக்குப் பேசிவைத்த ஆள் தொழிலுக்குப் போய்த் திரும்பாமலோ, சண்டையில் பாதை பூட்டி வரமுடியாமலோ போனால், சுவாமியார் மணிக்கூண்டடியில் நிற்கும் என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையை என் கையில் தருவார். அப்படி நான் பலருக்கு ஞானத்தகப்பன்.

ராஜினி திரையில் இருந்த உறவுகளை எனக்கு வாசித்தார். தாய், தகப்பன், கணவன், மனைவி, மகன், மகள், சகோதரம். அவ்வளவுதான் இருந்தது.

“இதில ஞானத்தகப்பன் இல்லை ஐயா. நான் புதுசா ஒண்டு எழுதவும் விடாது.”

“அப்ப தகப்பன் எண்டு போடு பிள்ளை.”

“ஐயோ, அது பிழை. பத்தொன்பது பிள்ளைக்கும் நீங்கள் தகப்பன் எண்டா தாய்மார் பதினாறு பேர் வருகினம். மேல ஆரும் பாத்தா என்ன சொல்லுவினம்?”

“கிழவன் சும்மா இருக்கேல்லை எண்டு சொல்லுவினம். நீ போடு.”

அவர் சிரித்தார், ஆனால் போடவில்லை. அன்று முழுவதும் மறுத்தார். மாலை நான் கூட்டிக்கொண்டிருந்தபோது, மேலே கிடந்த கோவையின் படத்தைப் பார்த்து இது யார் என்று கேட்டார். தனுஷா என்றும், காது குத்தியது ஒரு பக்கம் பிழைத்து மறுபடி குத்தினார்கள் என்றும், இடது காதில் இரண்டு துளை என்றும் கூறினேன். அடுத்ததைக் கேட்டார். யூட் தர்ஷன் என்றும், ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தும் விழிக்காமல் தூங்கியபடியால் சுவாமியார் பயந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார் என்றும் கூறினேன். பத்தொன்பதையும் கேட்டார். பஸ் போய்விட்டது. மறுநாள் வந்து, மைப் பெட்டியைத் திறந்து என் முன் வைத்தார்.

நான் பத்தொன்பது தாள்களிலும் இடது பெருவிரல் வைத்தேன். ராஜினி தகப்பன் என்று அடித்தார். நான் சொன்னவற்றைக் குறிப்பு என்ற இடத்தில் எழுதினார், அது ஒருவரும் கேட்காத இடம். எல்லா வரிகளும் பச்சையாயின. இதற்காக நான் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. நான் வற்புறுத்தியே அவர் செய்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்தியது சரியல்ல.

அதன் பின்னர் ஆவணி மாதம் நான் கண் கிளினிக்குக்குப் போயிருந்த நாளில், வவுனியாவிலிருந்து ஒரு பெண் சங்கத்துக்கு வந்து, இறந்த தனது தம்பியின் படம் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும், கோவையில் இருந்தால் ஒரு பிரதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுத்த தாளில் தம்பியின் பெயர் நிறோஜன், வயது ஆறு என்றும், தகப்பன் பெயர் மத்தேயு என்றும், உயிரோடு இருக்கிறார் என்றும் இருந்திருக்கிறது. “என்ர அப்பா வின்சன். ரெண்டாயிரத்து ஒன்பதில நான் பாக்கத்தான் செத்தவர். இந்தாள் ஆர்?” என்று கேட்டுவிட்டு, அவர் நேரே இந்த நிலையத்துக்கு வந்து முறைப்பாடு கொடுத்துள்ளார். மறுநாளே செல்வநாயகம் ராஜினியை வரவேண்டாம் என்றார். வந்தவர் யார், எந்தப் பிள்ளையின் கோவை என்று அப்போது எனக்கு ஒருவரும் கூறவில்லை, இவ்வளவும் இன்று முறைப்பாட்டில் கேட்டு அறிந்ததே.

இன்று அதிகாரி முறைப்பாட்டை எனக்கு வாசித்தபோது, முறைப்பாட்டாளரின் பெயரை மறுபடி வாசிக்கும்படி கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டேன். அதிகாரி எனக்குத் தண்ணீர் தந்தார். வின்சனும் அவர் மனைவி சுசிலாவும் இருந்த பங்கர் மூடுண்டது என்றும், ஒருவரும் மிஞ்சவில்லை என்றும் 2009 சித்திரையில் கேள்விப்பட்டு, பதினாறு வருடமாக நான் அந்த வீட்டில் எல்லோருக்கும் மெழுகுதிரி கொளுத்தி வருகிறேன். அவர்களின் மகளுக்கும் சேர்த்தே கொளுத்தினேன்.

மேலும் வினவியபோது கூறியதாவது:

பத்தொன்பது பேரில் பதினொரு பேருக்கே நான் ஞானத்தகப்பன் என்பது சரி. மற்ற எட்டுப் பேருக்கு நான் ஓர் உறவும் இல்லை. இரக்கத்தால் செய்தேன் என்றால் முப்பத்தொன்றுக்கும் வைத்திருக்க வேண்டும், ஏன் பத்தொன்பதுக்கு மட்டும் வைத்தாய் என்று அதிகாரி கேட்கிறார். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தரம் கூறியிருக்கிறேன். கேட்ட சுவாமியார் இப்போது இல்லை. வேறு ஒருவருக்கும் கூறவில்லை.

கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, நத்தார் நட்சத்திரக் கூட்டை இறக்க நான் மணிக்கூண்டில் ஏறினேன். கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. பிள்ளைகள் கோயிலடியில் இல்லை. அவர்கள் றோட்டுப் பக்கம், பாலத்தடி மேட்டில் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடல் கறுப்பாக எழும்பி வருவதைக் கண்டேன். எனக்குத் தெரிந்தது மணி ஒன்றுதான். அடித்தேன்.

பிளேன் வந்து குண்டு போட்ட காலத்தில், மணி விடாமல் கேட்டால் எங்கே நின்றாலும் கோயிலுக்குள் ஓடி வர வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தோம். பழக்கியது நான். குண்டு நின்ற பிறகும் விளையாட்டுப் போல ஓடவிட்டு, கடைசியாக வருபவருக்கு இனிப்பு இல்லை என்று சொல்லிப் பழக்கினேன். அன்று மணி கேட்டதும் அவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கோயிலை நோக்கி ஓடி வந்தார்கள். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போங்கோ போங்கோ என்று காட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் கெதியாக ஓடி வந்தார்கள். இருபத்தாறு பேர். அவர்களில் ஏழு பேருக்குக் கையெழுத்து வைக்க உறவினர் இருந்தார்கள். மிச்சம் பத்தொன்பது.

அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

செத்தவீடுகள் முடிந்து ஒரு கிழமையால், நிறோஜனின் தாய் சுசிலா என் கையைப் பிடித்து, “அண்ணை, நீங்கள் மணி அடிச்சபடியாத்தான் பிள்ளையள் கோயிலுக்குள்ள கிடந்தவை. இல்லாட்டி கடல் கொண்டு போயிருக்கும், முகம் பாத்திருக்க மாட்டம்” என்றார். பிள்ளைகள் கரையில் நின்றார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். நான் ஓம் என்றேன். அதன் பின்னர் அவர் கோயிலுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொரித்த மீன் துண்டு கொண்டுவந்து தருவார். நான் சாப்பிட்டேன்.

ஒரு பிள்ளை மட்டும் மேட்டிலேயே நின்றாள். நிறோஜனின் அக்கா, எட்டு வயது, மஞ்சள் சட்டை. அன்று காலை அவள் பூசைக்கு வராமல் ஒளித்துத் திரிந்ததை நான் கண்டு, பிறகு பிடிக்கிறேன் என்று கைவிரலைக் காட்டியிருந்தேன். மணி கேட்டதும் என்னிடம் அகப்படுவேன் என்று பயந்து மேட்டில் நின்ற ஒரு பற்றைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். மணிக்கூண்டிலிருந்து அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிறோஜனின் கோவையில் எனது பெயரை வெட்டி, அவனுடைய அக்காவின் பெயரைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றப் பதினெட்டுக் கோவைகளையும் மறுபடி சிவப்பாக்க வேண்டாம். தகப்பன் என்று இருப்பது பொய்தான், அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். ஆனால் அவர்கள் ஓடி வந்தது என்னிடம். முறைப்பாட்டாளர் என்னைப் பார்க்க விரும்பினால், அதற்கு முன் இந்த வாக்குமூலத்தை அவருக்கு ஒன்றும் விடாமல் வாசித்துக் காட்டவும்.

இவ்வளவும் எனக்கு இரண்டு தரம் வாசிக்கப்பட்டது. முதல் தரம் நிறோஜனின் வயதைப் பிழையாகக் கேட்டு ஏழு என்று எழுதியிருந்தார்கள், ஆறு என்று திருத்துவித்தேன். நான் இதில் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்தத் தாள்களில் வைத்த அதே இடது பெருவிரலை இதிலும் வைக்கிறேன். அன்று மேட்டில் நின்றவர்களில் இதை உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இன்று உயிரோடு இருப்பது ஒருவர்தான்.

முறைப்பாட்டாளர் வின்சன் நிதர்சனா.