வழக்கமான காரணம்

காந்திபுரத்திலிருந்து கணபதி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். வேறு வேறு பள்ளிக்கூடம் போலிருக்கிறது; வழியில் பார்த்துக்கொண்டவர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் மடியில் ஒரு மிக்சி ஜாரை வைத்திருந்தார்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டனுங்க. ஜாக்கெட் தெக்கக் குடுத்தேன், இந்த ஜாருக்குப் பிளேடு மாத்துனேன். அப்பறம் கூடப் படிச்சவங்க ரெண்டு பேரோட ஓட்டல்ல சாப்பாடு. ரொம்ப நாளைக்கப்பறம் சிரிச்சனுங்க."

"நல்லதுங்க டீச்சர். லீவுக்கு என்ன காரணம் எழுதுனீங்க?"

"எப்பவும் எழுதறதுதானுங்க. ஊட்டுக்காரருக்குக் காய்ச்சல்னு…"

மற்றவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். இவர் ஜாரின் மூடியைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார்.

"அவரு போயி நாலு மாசமாச்சுங்களே. கை அது பாட்டுக்கு எழுதிப்போட்டுதுங்க."

"உங்க ஹெட்மாஸ்டர் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"சாவுக்கு வந்து கடைசி வரைக்கும் நின்னவருங்க அவரு. நேத்து லெட்டரப் படிச்சுப்போட்டு என்னையவே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் கையெழுத்துப் போட்டுட்டாரு. எதுக்குப் பாத்தாருன்னு இப்பத்தான் தெரியுது."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

"எனக்கு வருசத்துக்குப் பன்னெண்டு தடவ காய்ச்சல் வருதா அம்மணீன்னு எங்க ஊட்டுக்காரரு சிரிப்பாருங்க."

"நாளைக்கு வேற காரணம் எழுதிக் குடுத்துட்டு அந்த லெட்டரத் திருப்பி வாங்கிக்கலாமுங்க."

"வேண்டாமுங்க டீச்சர். இன்னிக்கு ஒரு நாளு அவரு காய்ச்சலோட ஊட்டுல படுத்திருக்கட்டும்."